அம்மாவின் கால் பலத்துக்குப் புரத மா ரின் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, 50 கிலோ எடை. தோட்டம், ஆடு எல்லாம் தானே பார்த்தவர். போன மாதம் காய்ச்சலில் பத்து நாள் படுக்கையில் கிடந்தார். இப்போது கையூன்றாமல் கதிரையை விட்டு எழும்ப ஏலவில்லை. வயது போனால் அப்படித்தான் என்கிறார்கள். ஊருக்குள் வரும் ஒருவர் தசை வளர்க்கும் புரத மா என்று ஒரு ரின்னை 14,000 ரூபாவுக்குத் தருகிறார். வாங்கலாமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பதில்:

வாங்காதீர்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கும் வரை சும்மா தந்தாலும் கொடுக்காதீர்கள்.

வயது ஒரு காரணம்தான். முப்பதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைகிறது, அறுபதுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. ஆனால் அம்மாவை விழுத்தியது அந்தப் பத்து நாள் படுக்கை. முதியவர்களுக்கு அத்தனை நாளிலேயே கால் தசை ஏறக்குறைய ஒரு கிலோ வரை கரையும். போனதை மீட்கலாம். 1990-இல் அமெரிக்காவில் 90 வயதை ஒட்டியவர்களுக்கே 8 கிழமை எடைப் பயிற்சி கொடுத்தபோது கால் வலிமை இரண்டு மடங்குக்கும் மேலானது.

கைப்பிடி உள்ள கதிரையைச் சுவரோடு வையுங்கள். அம்மா எழும்பி நின்று திரும்ப இருக்கட்டும், தொடக்கத்தில் கையூன்றலாம். 8 முதல் 10 தரம், காலையும் பின்னேரமும். இலேசாக வந்ததும் கையை விடச் சொல்லுங்கள். நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தொடையைக் கட்டாது.

அம்மாவின் எடைக்குச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். உள்ளங்கையளவு மீன் துண்டில் 20 கிராம் அளவில் இருக்கும், முட்டையில் 6, ஒரு பிடி பயற்றில் 12. சோறும் சொதியும் மட்டும் போதாது.

ரின்னின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பலதில் புரதத்தைவிட மாச்சத்தும் சீனியும்தான் கூட. இதைவிட மோசம், இப்படி வருகிறவர்களில் சிலர் மூட்டு நோவுக்கென்று விற்கும் பெயரில்லாப் பொட்டலங்கள். ஸ்டீரொயிட் கலந்திருந்தால் இரண்டே நாளில் நோவு பறக்கும், முகம் ஊதும். மாதக்கணக்கில் தின்றால் தொடைத் தசையையே அரிக்கும். கிழவிகளின் சேமிப்பை மோட்டார் சைக்கிளில் வந்து அள்ளிப் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை! அம்மா அப்படி ஏதும் எடுத்து வருகிறார் என்றால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. பொட்டலத்தோடு டொக்டரிடம் போங்கள்.

இனி சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சீனியோ பிரஷரோ இல்லாத கமக்காரருக்கும் சிறுநீரக நோய் வருகிறது. தொடக்கத்தில் நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. அது இருந்தால் நான் மேலே சொன்ன புரத அளவே பொருந்தாது, டொக்டர் சொல்லும் அளவுதான். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கோ நேர்மாறு, அவர்களுக்குப் புரதம் கூடத் தேவை. ஆகவே சிறுநீரகம் கழிவை ஒழுங்காக அகற்றுகிறதா என்று காட்டும் கிரியற்றினின் இரத்தச் சோதனை செய்யுங்கள். தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் உண்மையைவிட நல்லதாகக் காட்டக்கூடும், அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கக் கேளுங்கள். பயிற்சிக்கு இந்தச் சோதனைகள் தடையில்லை.

மாதாந்தக் கிளினிக்கில் விடியமுன் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தால் பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், ஒரு மாத மருந்து தருவார்கள். கதிரையால் எழும்பிக் காட்டுங்கோ அம்மா என்று யாராவது கேட்கிறார்களா? கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்க 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும் என்று முதுமைத் தசை மெலிவுக்கான ஆசிய நிபுணர் குழு 2019-இலேயே சொல்லிவிட்டது. அதற்கு ஒரு கதிரையும் சுவர் மணிக்கூடும் போதும். விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் எங்களிடம் அனுப்புகிறார்கள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மருந்து எழுதத் தொடங்குமுன் எழும்ப ஏலாததைச் சொல்லி, இரண்டு சோதனைகளையும் கேட்டு, இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரு துண்டும் வாங்குங்கள். கதிரைப் பயிற்சியை அதற்காகக் காத்திராமல் இன்று பின்னேரமே தொடங்கலாம்.