சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் பிபி இறங்குமாமே, தடுக்க முடியாதா?

மனைவிக்கு அடுத்த வாரம் தானேயில் சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்கள். மும்பையில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். தாராவி, மாட்டுங்காவிலிருந்து வரும் நம்மவர்கள் "காலத்துக்கும் முதுகுவலி வருமாமே" என்றுதான் கேட்பார்கள். பிபியைப் பற்றி அபூர்வமாகத்தான் யாராவது கேட்கிறார்கள்.

பிபி இறங்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இறங்கும். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் அந்த ஊசியில் மரத்துப்போகின்றன. குழாய்கள் தளர்ந்து ரத்தம் காலில் தேங்குகிறது. மல்லாந்து படுத்தால் நிறைமாத வயிறு இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையையும் அழுத்தும். அதனால்தான் வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைக்கிறோம்.

முன்பெல்லாம் ஊசிக்கு முன்பே பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவார்கள். அது ரத்தக்குழாயில் நெடுநேரம் நிற்பதில்லை. ஊசி போடும் நேரத்திலேயே வேகமாக ஓடவிடுவது மேல். அதைவிட முக்கியம், குழாயை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்தை, பிபி இறங்கட்டும் என்று காத்திராமல், ஊசி போட்ட கையோடு சிரிஞ்சு பம்பில் தொடங்கிவிடுவது. 2018இல் வெளியான சர்வதேசப் பரிந்துரையும் இதையே சொல்கிறது: பிபியின் மேல் அளவு, அவருக்கு வழக்கமானதில் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். 120 இருப்பவருக்கு 108. இந்த மருந்து நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இதே வேலைக்கு முன்பு கொடுத்துவந்த எஃபெட்ரின் மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டக்கூடும். அதனால் அது இப்போது முதல் தேர்வு இல்லை.

மனைவியிடம் ஒன்று சொல்லிவையுங்கள். குமட்டல், கொட்டாவி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும். ஒரு பெண் உதடு வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பப் படுத்திருந்தார். மானிட்டர் 84 காட்டியது. "உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்தேன்" என்றார். மருந்து ஏறிய சற்று நேரத்தில் குமட்டல் நின்றுவிட்டது.

இன்னொன்று, முந்தின இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். சாப்பாட்டைத்தான் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். உங்கள் மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடிக்கக் கொடுங்கள்.