காமெடிதானே என்று யார் சொல்லலாம்?

கேள்வி: 'எமிலி இன் பாரிஸ்' தொடரை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். உடை, தெரு, பூ, சாப்பாடு என்று எல்லாமே கண்ணுக்குக் குளிர்ச்சி. பாரிஸில் இருபது வருடமாக இருக்கும் என் நாத்தனாரிடம் ஆசையாகச் சொன்னால், "அதையெல்லாம் எப்படி அண்ணி பார்க்கிறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். பிரெஞ்சுக்காரர்களும் அதைத் திட்டுகிறார்களாம். ஒரு காமெடித் தொடருக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?
- ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: நீங்கள் ரசித்ததில் ஒரு தவறும் இல்லை. நானும் பார்த்தேன். முதல் சீசனின் பத்து எபிசோடுகளும் இரண்டே இரவில் முடிந்துவிட்டன. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிக் கேட்டால், கோபப்பட்டவர்தான் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஆகிவிடுகிறது. உங்கள் நாத்தனாரை அந்தக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. சிகாகோவில் மார்க்கெட்டிங் வேலை பார்க்கும் எமிலி, மேலதிகாரி கர்ப்பமானதால் அவருக்குப் பதிலாகப் பாரிஸ் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறாள். பிரெஞ்சு தெரியாது. அங்கே வேலை, நட்பு, காதல். தொடரை உருவாக்கியவர் டேரன் ஸ்டார், எமிலியாக நடிப்பவர் லிலி காலின்ஸ். 2020 அக்டோபர் 2-ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. நான்கே நாளில், அக்டோபர் 6-ஆம் தேதி, கொரோனாவால் பாரிஸில் பார்களை மூடினார்கள். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், வெயில் விழுந்த தெருவில் ஒரு பெண் கையில் ரொட்டியோடு நடந்துபோனால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி, கோபம். முதல் கோபம் பாரிஸ்காரர்களுடையது. எமிலி காலையில் சீக்கிரமே அலுவலகத்துக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன் காத்து நிற்கிறாள்; அலுவலகம் திறப்பதே பத்தரை மணிக்குத்தான். பிரெஞ்சுக்காரர் என்றால் சோம்பேறி, திமிர் பிடித்தவர், கட்டிய துணைக்கு உண்மையாக இல்லாதவர் என்று ஒவ்வொரு எபிசோடிலும் வருகிறது. அந்த ஊர் விமர்சகர்கள் இந்தத் தேய்ந்துபோன பிம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்கள். அவர்களுக்கு ரோஷம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை நிலவரம் என்ன? வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்று 2000-இலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டம் அங்கே இருக்கிறது. வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலக மெயிலைப் பார்க்காமல் இருக்கும் உரிமைக்கு 2017-இல் சட்டத்தில் இடம் கிடைத்தது. இரண்டும் தொழிற்சங்கங்களும் தொழிலாளர்களும் பல காலம் பேசி வாதாடிப் பெற்றவை. அப்படியும், ஒரு மணி நேர உழைப்பில் விளையும் மதிப்பைக் கணக்கிட்டால் பிரான்ஸ் பல ஆண்டுகளாகப் பிரிட்டனைவிட முன்னே நிற்கிறது. போராடிப் பெற்ற ஒன்றை வந்த முதல் வாரமே ஒருத்தி சோம்பேறித்தனம் என்று நினைத்தால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

மொழி விஷயம் இன்னும் ஆழமாகக் குத்தும். அலுவலகத்தில் எமிலி நுழைந்ததும் மற்ற எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். பணியாளர் தன் வேலையைச் செய்யத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று 1994-இல் சட்டம் போட்ட நாடு அது. தன் சொந்த ஊர் அலுவலகத்தில் தன் மொழியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டியிருப்பது எப்படிப்பட்ட உணர்வு என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டேரன் ஸ்டார் இதற்குச் சொன்ன சமாதானம், முதல்முறை பாரிஸுக்கு வரும் ஓர் அமெரிக்கப் பெண்ணின் கண்ணால் பார்க்கிறோம், அவளுக்கு முதலில் தெரிவது இந்தப் பழகிய பிம்பங்கள்தான் என்பது. இதில் நியாயம் உண்டு. தொடரே ஓரிடத்தில் அவளைக் கேள்வி கேட்கவும் செய்கிறது. அவள் பையில் தொங்கும் ஈஃபிள் கோபுர பொம்மையைப் பார்த்த உடை வடிவமைப்பாளர் பியேர் கடோ, ரசனை கெட்டவள் என்ற பொருளில் 'ரங்கார்ட்' என்று திட்டிவிட்டுப் போகிறார். பாரிஸ் அலுவலக மேலதிகாரி சில்வியாக வரும் பிலிப்பின் லெருவா-போலியூ வாய் திறக்காமல் ஒரு பார்வையிலேயே எமிலியின் அலட்டலை அடக்குகிறார். 1963-இல் பிறந்தவர், பிரெஞ்சு சினிமாவில் 1980-களிலிருந்தே நடிப்பவர். ஐம்பதைத் தாண்டிய பெண்ணை இவ்வளவு கம்பீரமாக, ஆசைகள் உள்ள மனுஷியாகக் காட்டியது அந்தத் தொடரின் ஆகச் சிறந்த காரியம் என்பேன். அவருக்காகவே பார்க்கலாம்.

ஆனால் சமாதானம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இரண்டாவது சீசன் 2021 டிசம்பரில் வந்தது. அதில் எமிலியின் பிரெஞ்சு வகுப்பில் பெட்ரா என்று ஒரு பெண், கீவ் நகரத்தவள். இருவரும் கடைக்குப் போகிறார்கள். பெட்ரா துணிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்றும் அவளுக்குப் பயம். அவ்வளவுதான் அவள் பாத்திரம். உக்ரைனின் அன்றைய கலாசார அமைச்சர் ஒலெக்சாந்தர் த்காசென்கோ, இந்தச் சித்திரிப்பை ஏற்க முடியாது, இது அவமதிப்பு என்று நெட்ஃப்ளிக்ஸுக்குப் புகார் எழுதினார். ஓர் அமைச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அது 2022 ஜனவரி. பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை உள்ளே நுழைந்தது. லட்சக்கணக்கான உக்ரைன் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா முழுக்கக் கதவு தட்டினார்கள். எமிலியைப் பாரிஸ்காரர் கேலி செய்தால் அவளுக்குத் திரும்பிப் போகச் சிகாகோ இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு எது இருந்தது? கதவைத் திறந்தவரின் மனத்தில் அவர்களைப் பற்றி ஏற்கெனவே என்ன பதிந்திருந்தது என்பது அந்த நிமிடத்தில் பெரிய விஷயம்.

அப்புறம் இன்னொன்று. 'காமெடிதானே, லேசாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை பார்வையாளருக்கு மட்டும்தான் வருகிறது. தயாரித்தவர்கள் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021-இல் கோல்டன் குளோப் விருதுக்கு இரண்டு பிரிவுகளில் இது பரிந்துரைக்கப்பட்டது. அந்த விருதைக் கொடுக்கும் சங்கத்தின் முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் படப்பிடிப்பின்போதே பாரிஸுக்கு அழைத்துப்போய் ஆடம்பர ஹோட்டலில் தங்கவைத்தார்கள் என்று லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் எழுதியது. அரசியல்வாதிகளும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது சீசனில் பிரான்ஸ் அதிபரின் மனைவி பிரிஜித் மக்ரோன் ஒரு காட்சியில் வந்தார். கதை ரோம் நகருக்குப் போனதும் அதிபர் மக்ரோன், எமிலி பாரிஸிலேயே இருக்கப் பாடுபடுவோம் என்று 2024 அக்டோபரில் பேட்டி கொடுத்தார். ரோம் மேயர் குவால்தியேரி, அவள் இங்கே நன்றாக இருக்கிறாள் என்று பதில் போட்டார். ஒரு தொடரால் ஊருக்குப் பெயரும் பணமும் வரும் என்று இவ்வளவு பேர் நம்பினால், அதே தொடரால் ஒருவருக்குக் காயமும் வரலாம் என்பதை மட்டும் ஏன் நம்ப மறுக்க வேண்டும்? எமிலியின் வீடாகக் காட்டப்படும் எஸ்த்ரபாத் சதுக்கத்தில் ரசிகர்கள் கூடிக்கூடிப் படம் எடுக்க, 'எமிலிக்கு இங்கே வரவேற்பில்லை' என்று சுவரில் எழுதிவைத்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தினமும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் தங்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடரில் அதை 'ஷாம்பர் த பொன்' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கட்டடங்களில் வேலைக்காரப் பெண்களுக்காக உச்சி மாடியில் கட்டிய சின்ன அறைக்கு அந்தப் பெயர். வாடகைக்கு விட வேண்டுமென்றால் குறைந்தது ஒன்பது சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது நம் கணக்கில் நூறு சதுர அடிக்கும் குறைவு. மாணவர்களும் பிழைக்க வந்தவர்களும் அந்த அறைகளில் கட்டிலை மடித்துவைத்துவிட்டுச் சமைக்கிறார்கள். எமிலியின் அறையில் சோபா போட்டு விருந்தே வைக்கலாம்.

உங்கள் நாத்தனாரின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர்கள் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் ஏராளம். 1980-களிலிருந்து ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் வட ரயில் நிலையத்தின் பக்கத்தில் லாச்சப்பல் கடைத்தெருவையே உருவாக்கினார்கள். வருடா வருடம் அங்கே பிள்ளையார் தேர் ஓடுகிறது, தெருவில் தேங்காய் உடைகிறது. எமிலியின் காதலன் கேப்ரியல் ஒரு சமையல் கலைஞன். அவன் சமையலறை எப்போதும் பளபளவென்று இருக்கிறது. பாரிஸ் உணவகங்களின் நிஜச் சமையலறைகளில் நள்ளிரவு வரை பாத்திரம் கழுவியும் காய் நறுக்கியும் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். நான் பார்த்த எபிசோடுகளில் அவர்களில் ஒருவர்கூடப் பின்னணியில் தட்டோடு நடந்துபோகவில்லை. பெட்ராவுக்கு ஒரு கெட்ட பிம்பமாவது கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இருபது வருடம் வாழ்ந்த ஊரைச் சொந்த அண்ணியே திரையில் பார்த்து வியந்து பேசும்போது, தான் வாழ்ந்த பாரிஸ் அதில் துளியும் இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

சரி, நீங்கள் தொடரை நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை அவரோடு போனில் பேசும்போது, காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், எந்த ரயில் பிடிக்கிறார், எங்கே இறங்கி மாறுகிறார், மதியம் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுக்கச் சொல்ல விடுங்கள்.