பீடி சுற்றும் பெண்களின் நகத்தை அணு உலையில் ஆராய முடியுமா?

முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் விரல் நகங்களிலும், அவ்வூரையொட்டிய தாமிரபரணி வண்டலிலும் காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகியவை எவ்வளவு உள்ளன என்று மாணவியரைக் கொண்டு ஆராய விரும்பும் பாளையங்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், கூடங்குளம் அருகிலேயே இருப்பதால் மாதிரிகளை அங்கே கொடுத்து அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கூடங்குளத்தில் முடியாது. அங்கே இருப்பவை மின்சாரத்துக்கான உலைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பம் தருபவை. தங்களுக்கு வேண்டியது அதில் லட்சத்தில் ஒரு பங்கு ஆற்றலே உள்ள ஆராய்ச்சி உலை. 1996இல் கல்பாக்கத்தில் இயக்கத்துக்கு வந்த காமினி அத்தகையது. யுரேனியம்-233 எரிபொருளில் இயங்கும் அதன் ஆற்றல் 30 கிலோவாட் மட்டுமே.

இதில் நடப்பது நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு. சில நூறு மில்லிகிராம் மாதிரியைச் சிறு பாலித்தீன் குப்பியில் அடைத்து உலைக்குள் வைத்தால், அதிலுள்ள தனிமங்களின் அணுக்கள் நியூட்ரானை ஏற்றுக் கதிரியக்கம் பெறும். வெளியே எடுத்தபின் அவை விடும் காமா கதிர்களின் ஆற்றலை ஜெர்மானியம் உணரியில் அளந்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். நகத்தை அமிலத்தில் கரைக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ஜமைக்காவில், 1984 முதல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் 20 கிலோவாட் அளவிலான ஸ்லோபோக் உலையை வைத்துக்கொண்டு தீவு முழுவதன் மண்ணையும் உணவுப் பயிர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் தங்கள் பட்டியலில் உள்ள மூன்றில் இரண்டு இம்முறைக்கு ஒவ்வாதவை. ஈயம் நியூட்ரானால் அளக்கத்தக்க கதிரியக்கம் பெறுவதில்லை. காட்மியத்தை மிகுதியாக உள்ள மண்ணில் காணலாம். நகத்தில் இருக்கும் நுண்ணளவுக்கு இம்முறையின் கூர்மை போதாது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால் அதைத் தாங்கள் விட்டுவிடவும் முடியாது. ஆகவே அவ்விரண்டையும், தனிமம் உட்கவரும் ஒளியை அளக்கும் அணு உட்கவர் நிறமாலைமானியிலோ, அயனிகளை நிறைப்படி பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியிலோ அளப்பதே சரி. உலைக்கு ஆர்சனிக், செலினியம், துத்தநாகம், பாதரசம் ஆகியவற்றை ஒதுக்குங்கள்.

ஆர்சனிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. உலையில் உண்டாகும் கதிரியக்க ஆர்சனிக்-76இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகத் தேயும் நேரம், ஏறத்தாழ 26 மணி. மாதிரியிலுள்ள உப்பிலிருந்து வரும் சோடியம்-24இன் அரை ஆயுள் 15 மணி நேரம். உடனே அளந்தால் சோடியத்தின் கதிர்வீச்சில் ஆர்சனிக் மறைந்துபோகும். மூன்று நாள் பொறுத்தால் சோடியம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட, ஆர்சனிக் ஏழில் ஒரு பங்காவது எஞ்சியிருக்கும். புரோமின்-82 விடும் 554 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர், ஆர்சனிக்கின் 559 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு ஒட்டினாற்போல் விழுவதால், புரோமின் உள்ள புகையிலைத் தூள் நகத்தில் ஒட்டியிருந்தால் அளவீடு குழம்பும்.

தங்கள் திட்டத்தில் என் கவலையெல்லாம் அந்தத் தூளைப் பற்றியதே. சுளகை மடியில் வைத்து நாள் முழுதும் தூளை அள்ளிச் சுருட்டி முனை மடக்கும் கைவிரலின் நகத்தில், உடம்புக்குள் போனது எது, மேலே படிந்தது எது என்று எந்த உலையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கால் பெருவிரல் நகத்தை எடுங்கள். தூள் குறைவாகப் படியும், மெதுவாக வளர்வதால் பல மாதங்களுக்கு முன் உடலில் சேர்ந்ததையும் அது காட்டும். மருதாணியோ நகப்பூச்சோ இட்டவர்களைத் தவிர்த்துவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு வெட்டியிலிருந்து குரோமியமும் நிக்கலும் ஒட்டும் என்பதால் அவ்விரு தனிமங்களைப் பற்றி முடிவு எதுவும் எழுத வேண்டாம். சர்வதேச அணுசக்தி முகமை முடி மாதிரிகளுக்குப் பரிந்துரைத்த கழுவும் முறையே நகத்துக்கும் பொருந்தும்: அசிட்டோனில் ஒருமுறை, வாலை வடிநீரில் மும்முறை, மீண்டும் அசிட்டோனில் ஒருமுறை. அதே தெருவில் பீடித் தொழிலில் இல்லாத பெண்களிடமும் வயது பார்த்து நகம் வாங்குங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண்ணால் பயன் இல்லை.

மனிதரிடமிருந்து எடுக்கும் மாதிரி என்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும், ஒவ்வொருவரும் புரிந்துகொண்டு தரும் எழுத்துச் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். முடிவைத் தமக்கும் சொல்ல வேண்டும் என்று நகம் தந்த பெண்கள் கேட்பார்கள். அதற்கான ஏற்பாட்டையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

வண்டல் எளிது. நுண்துகள்களிலேயே உலோகங்கள் மிகுதியாக ஒட்டும் என்பதால் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்துங்கள்; முக்கூடலுக்கு மேலே பாபநாசம் பக்கத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தால்தான் மலையிலிருந்து இயல்பாக வருவது எவ்வளவு என்று தெரியும்.

பல்கலைக்கழகங்களும் அணுசக்தித் துறையும் சேர்ந்து ஆய்வு நடத்த அமைந்த கூட்டமைப்பின் கிளை ஒன்று கல்பாக்கத்தில் உள்ளது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். உலை எப்போது இயங்கும் என்று எழுத்தில் பதில் பெற்ற பிறகே ஊருக்குள் போங்கள். நகத்தைக் காகித உறையில் உலர்வாக வைத்தால் கெடாது. மாணவியரின் ஆய்வேட்டுத் தேதி அப்படிக் காத்திருக்காது.