கோடாலித் தைலம் தடவியும் பிணவறை வாடை போகவில்லையா?

பினாங்கில் பிணவறையில் வேலை செய்யும் நீங்கள், தைலம் தடவியும் வாடை போகவில்லை, வீட்டுக்கு வந்தும் விடவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தைலத்தை நிறுத்துங்கள். அது வாடையைத் தடுப்பதில்லை; அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு நன்றாகத் திறந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான், பிண வாடை அது பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். இரண்டு வாடையும் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், அப்புறம் தைலத்தைக் கண்டாலே குமட்டலாம்.

தாங்க முடியாமல் அடிக்கடி வெளியே காற்று வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடை பழகாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளேயே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், வெளியே போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து. சாதாரண என்95 முகக்கவசம் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கரி அடுக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தும் வாடை போகாமல் இருப்பதற்கு, பினாங்குப் புழுக்கத்தில் ஊறிய சட்டையும் தலைமுடியும் காரணமாக இருக்கலாம். ஒருநாள் தலையுறை போட்டு வேலை செய்து, அங்கேயே குளித்து, உடுப்பை மூடிய பையில் கொண்டுவந்து பாருங்கள். அப்போதும் வாடை போகாவிட்டால் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்.

ஆனால் கண் எரிந்தால் அது பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் ஆவியாக இருக்கலாம். அதற்குப் பழகவே கூடாது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. காற்றோட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் உடனே பேசுங்கள்.