கூலி வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கடை போடலாமா?

கேள்வி: கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன். தேக்கடிக்கு வருபவர்கள் எங்கள் தோட்டத்தையும் பார்க்க வருகிறார்கள். சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எங்கள் மகளிர் குழுவில் மூன்று பேர் சேர்ந்து தோட்டத்து ஓரத்தில் சமைத்துக் கொடுக்க நினைக்கிறோம். 50,000 ரூபாய் கடன் வாங்கி, வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, தாராளமாக இறங்குங்கள். வேலையை மட்டும் இப்போது விட வேண்டாம். முதலில் சனி, ஞாயிறு மட்டும் சமையுங்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் பலவும் கம்பம் வழியாக வரிசையாகப் போகும். மாலை போட்டவர்களுக்குச் சுத்த சைவமாக, தனிப் பாத்திரத்தில் சமைத்துப் போட்டால் அந்த இரண்டு மாதத்திலேயே தொழில் நிலைக்குமா என்று தெரிந்துவிடும். அதுவரை பெரிய கடன் எதற்கு? சொந்தப் பாத்திரங்களும் குழுவின் சேமிப்பும் போதும். அப்புறம் தேவைப்பட்டால் மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம்.

எனக்குக் கவலை இடத்தைப் பற்றித்தான். நிலம் முதலாளியுடையது. வியாபாரம் சூடு பிடித்ததும், "நானே ஆள் வைத்து நடத்திக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? எத்தனை ஆண்டுக்கு, என்ன வாடகை என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். அவர் தயங்கினால், சாலையோரம் உங்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையே மேல்.

கேரளத்தின் குமரகத்தில் 2008இல் பொறுப்புச் சுற்றுலா, அதாவது உள்ளூர் மக்களுக்கும் வருமானம் கிடைக்கும்படி நடத்தும் சுற்றுலா, தொடங்கியபோது, குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் குழுத் திட்டத்தில் இருந்த பெண்கள் விளைவித்த காய்கறிகளை அங்குள்ள விடுதிகள் வாங்கின. விலையை விடுதிக்காரர்கள் இஷ்டத்துக்கு விடாமல், அதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். ஓலை முடைவதையும் கயிறு திரிப்பதையும் பயணிகளுக்குக் காட்டியே சம்பாதிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். நீங்களும் சாப்பாட்டோடு நிற்க வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், பெற்றது. கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) எப்படி, கொடியைப் பந்தலில் எப்படி ஏற்றுவது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அது உங்கள் கைத்தொழில், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். விலைப் பலகை கண்ணில் படும்படி இருக்கட்டும். ஜீப் ஓட்டுநர்கள் ஆள் கூட்டி வந்து கமிஷன் கேட்பார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை மூவரும் முன்பே பேசி முடிவெடுத்து, அந்தத் தொகையையும் கணக்கு நோட்டில் எழுதி வாருங்கள்.