சுரங்கத்து மாதாவும் தியோவும்

அன்புள்ள ஐயா,

பொலிவியாவின் ஒரூரோ கார்னிவல் காணொளி ஒன்று பார்த்தேன். மாதா திருவிழாவாம். ஆனால் கொம்பும் கோரைப்பல்லுமாகச் சாத்தான்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகின்றன. பழங்குடித் தெய்வ வழிபாடுதான் மாதாவின் பெயரில் ஒளிந்திருக்கிறதா?
– கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

ஒளிந்த காலம் ஒன்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் தடை போட்டதும், பழைய சடங்குகள் கிறிஸ்தவ விழாவுக்குள் புகுந்துகொண்டன. ஆனால் இப்போது அங்கே யாரும் எதையும் ஒளிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரூரோ, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுரங்க ஊர். முதலில் வெள்ளி, பிறகு வெள்ளீயம். தரைக்கு மேலே காவல் மாதா. கீழே இருட்டில் தாதுவுக்கெல்லாம் சொந்தக்காரர் தியோ. ஸ்பானிய மொழியில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். நான் மாமா என்றே வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சமாதானப்படுத்திவிடலாம். சுரங்கத்துக்குள் கொம்பு வைத்த மண் உருவமாக உட்கார்ந்திருப்பார். தொழிலாளர்கள் அவர் வாயில் சிகரெட் பற்றவைத்து, கோக்கா இலை போட்டு, சாராயம் தெளிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் தாது கிடைக்காது, பாறை சரியும் என்று பயம். கார்னிவல் சமயத்தில் லாமா என்கிற, ஒட்டக இனத்து விலங்கைப் பலி கொடுப்பதும் உண்டு.

அப்புறம் சனிக்கிழமை ஊர்வலம். யுனெஸ்கோ கணக்கில் 28,000 பேருக்கு மேல் ஆடுகிறார்கள், 10,000 பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள். நீங்கள் பார்த்த சாத்தான்களை நடத்திக்கொண்டு போகிறவர் மிக்கேல் அதிதூதர். தேவதூதர் சாத்தானை ஜெயிக்கும் கதை என்று பாதிரியார்கள் இதைச் சொல்லலாம். ஆனால் ஜெயிக்கப்பட்டவருக்கு யாராவது சிகரெட் பற்றவைப்பார்களா?

ஆடுகிறவர்களில் பலர் மாதாவுக்கு மூன்று வருஷம் ஆடுவதாக நேர்ந்துகொண்டவர்கள். நான்கு கிலோமீட்டர் ஆடி வந்து, கோயிலில் முகமூடியைக் கழற்றிவிட்டு முழங்காலிலேயே பீடம்வரை போகிறார்கள். பலர் அழுகிறார்கள். வேடத்துக்காக மன்னிப்புக் கேட்கிற அழுகை இல்லை அது.

அந்த மாதாவின் பெயரே சுரங்கத்து மாதா. கோயிலுக்குள்ளிருந்தே பழைய சுரங்கத்துக்குப் படிகள் இறங்குகின்றன. இப்போது அது அருங்காட்சியகம். கீழே தியோ இருக்கிறார்.