அதிகமாகச் சிறுநீர் போவதால்தான் நீரிழிவு நோயாளியின் சிறுநீரகம் பெருக்கிறதா?

அப்பாவுக்கு இனிப்பு நீர், இரவில் பல முறை எழுந்து போகிறார், ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சற்றுப் பெரிதாக இருக்கின்றன, இவ்வளவு சிறுநீரை வெளியேற்றித்தான் அவை பெருத்தனவா, தண்ணீரைக் குறைக்கலாமா என்று பினாங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். தாகத்தோடு இருப்பவருக்குத் தண்ணீரை மறுத்தால் உடம்பு வறண்டுபோகும், ரத்தத்தில் சர்க்கரை இன்னும் செறிவாகும். இதயக் கோளாறு போன்ற காரணத்துக்காக மருத்துவரே அளவு சொல்லியிருந்தால் அது வேறு.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. சிறுநீர் அதிகம் போவதையே குற்றவாளியாக நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழி விழ வேண்டிய இடம் அதுவல்ல.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதோடு ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரையும் வடிந்து வருகிறது. ஆரோக்கியமானவரின் சிறுநீரக நுண்குழாய்கள் அதை அநேகமாக முழுவதும் மீட்டு ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்போது மீட்க முடியாமல் மிஞ்சுவது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அப்பா எழுந்து போவதற்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தாலும் இரவில் இப்படி ஆகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

சிறுநீரகம் பெருப்பதில் பெரும்பங்கு அந்த மீட்பு வேலைக்குத்தான். சர்க்கரை கூடக் கூட நுண்குழாய்ச் செல்கள் பருத்து, முன்னைவிட அதிகமாக இழுக்கின்றன. சர்க்கரையோடு உப்பையும் சேர்த்தே இழுக்கின்றன. குழாயின் கீழ்ப்பகுதிக்கு வரும் உப்பு குறைகிறது. அங்குள்ள உணர்செல்கள் வடிகட்டல் போதவில்லை என்று கணக்குப் போட்டு, வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தை விரித்துவிடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வடிகட்டல் தேவைக்கு மேல் ஓடுகிறது. நோய் தொடங்கிய இளம் நீரிழிவு நோயாளிகளிடம் சிறுநீரகத்தின் அளவும் வடிகட்டும் வேகமும் சேர்ந்தே கூடியிருப்பதை டென்மார்க் மருத்துவர் மோகென்சன் 1973இல் காட்டினார்.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தால் சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்வதுபோலத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். அதிக வேகத்தில் ஓடிய வடிகட்டிகள் ஆண்டுக்கணக்கில் தழும்பேறி, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைக் கசியவிடத் தொடங்கும்போதும் வலி இருக்காது.

சிறுநீர் குற்றவாளி அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. சர்க்கரையை மீட்கும் புரதம் பிறவியிலேயே பழுதானவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் சிறுநீரில் சர்க்கரை போனாலும் பொதுவாக அவர்களின் சிறுநீரகம் கெடுவதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் அதே புரதத்தைத்தான் தடுக்கின்றன. இவற்றைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை கூடுகிறது, சிறுநீரும் சற்றுக் கூடுகிறது, ஆனால் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் இறங்குகிறது. 2020இல் வெளியான டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில், வடிகட்டும் திறன் பாதியாவது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதயக் காரணங்களால் இறப்பது ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது.

எனவே எத்தனை முறை போகிறார் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், வடிகட்டும் திறன், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆல்புமின் விகிதம் ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். தொடங்கிய சில வாரங்களில் வடிகட்டும் திறன் கொஞ்சம் இறங்கும். பயந்து நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளிலும், தைப்பூசத்துக்குப் பட்டினி விரதம் இருக்கும்போதும் அதைத் தொடரக்கூடாது. எப்போது நிறுத்தி எப்போது மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.